பளபளக்கும் பாட்டில்

வெயில் ஆய்வகத்து ஜன்னல் வழியே சாய்ந்து மேசையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குப்பிகளில் விழுகிறது. தண்ணீரில் கிருமி இருந்தால் உள்ளே ஊற்றிய ஊதா மருந்து மஞ்சளாகியிருக்க வேண்டும். எல்லாம் ஊதாவாகவே இருக்கின்றன. பள்ளிக்கூடத் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம். சோதித்த அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. குடித்த பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறார்களே? அங்கே டீச்சராக இருக்கும் தங்கையின் அழைப்பில் போன் மேசைமேல் அதிர்ந்து நகர்கிறது. அவள் எடுக்காமல், தண்ணீர் பிடித்துவந்த காலி பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு துளி கறைகூட இல்லை.

"அண்ணே, இதுக்குள்ள வெள்ளையா கொஞ்சம் பொடி இருந்துச்சே?"

வேலைக்குப் புதிதாய் வந்த டிரைவர் வாசலில் நின்று சிரிக்கிறார். "அந்த அழுக்கா? தண்ணி பிடிக்கறதுக்கு முன்னாடி நல்லா அலசிட்டேன் மேடம். உங்க கண்ணுக்குத் தப்புமா?"

குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரினை அடக்கத்தான் அந்தப் பொடி. அது இல்லாத பாட்டிலில், வரும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வந்திருக்கும். குழாயடியில் கைகுவித்துக் குடிக்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் ஏது? பொடியைப் பற்றி அவரிடம் அவள் சொன்னதேயில்லை.

போன் மறுபடி அதிர்கிறது. "அக்கா, சுத்தம்தானே? குழாய்ப் பூட்டத் திறந்துடட்டுமா? பசங்க தாகம் தாகம்னு உயிர எடுக்குதுங்க."

"திறக்காதடீ."

"ஏன், மஞ்சளாயிடுச்சா?"

அவள் குப்பிகளைப் பார்க்கிறாள். வெயில் ஏற ஏற ஊதா இன்னும் அழகாகிறது.

"இல்ல. சாவிய நீயே வெச்சுக்க. நானே வேற பாட்டிலோட வரேன்."