பெரிய பல்சக்கரம் கேட்ட ராகம்

காட்டு மேடுகளில் ஓடிப் பழகிய டர்ட் பைக் ஒன்று தார்ச்சாலைக்கு வந்தது.

“அக்கா, நீ ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள நான் பல சுத்து சுத்த வேண்டியிருக்கு, மூச்சு வாங்குது. லாரிகூட நம்மளத் தாண்டிப் போகுது!” என்று அலறியது எஞ்சின்.

“மேட்டுல உன்னை ஏத்திவிட்டது யாருடா? நான் இல்லேன்னா நின்னுடுவே” என்றது பின்சக்கரத்தில் பூட்டியிருந்த பெரிய பல்சக்கரம். தம்பி நின்றுவிடுவானோ என்ற பயம் அதற்கு உண்மையாகவே இருந்தது.

ஒருநாள் பட்டறையில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சிறிய பல்சக்கரம் ஒன்றைப் பூட்டினார்கள். பெரியது பதைப்போடு காது கொடுத்தது. கிளம்பும்போது எஞ்சின் சற்றுத் திணறியது, ஆனால் நிற்கவில்லை. சாலையைப் பிடித்ததும் அலறல் அடங்கி, மெல்லிய ராகம் ஒன்று தொலைவுவரை கேட்டது.

இத்தனை காலம் கூடவே சுழன்றும், தம்பிக்குப் பாட வரும் என்பது பெரிய பல்சக்கரத்துக்கு அன்றுதான் தெரிந்தது.