வரிக்கு வரி

"காப்பி அடிக்கிற பிள்ளைங்களை எழுப்பி வெளியே நிறுத்துவீங்களே டீச்சர், இப்ப உங்களை எங்கே நிறுத்தறது?"

தலைமையாசிரியர் போட்ட சத்தத்தில் தண்ணீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். அறிவியல் டீச்சர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

மேசைமேல் அறக்கட்டளையின் கடிதம் கிடந்தது. பள்ளிகளின் அறிவியல் வகுப்புக்குச் சின்னச் சின்ன நிதி கொடுக்கிற அறக்கட்டளை. பத்து மைக்ரோஸ்கோப் கேட்டு இந்தப் பள்ளி அனுப்பிய விண்ணப்பம், பக்கத்துப் பள்ளி போன வருடம் அனுப்பி நிதி வாங்கிய விண்ணப்பத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதாம். அந்தப் பள்ளி டீச்சரே புகார் கொடுத்திருக்கிறாராம். புகாரின் நகலும் இரண்டு விண்ணப்பங்களும் கடிதத்தோடு வந்திருந்தன. உடனே மன்னிப்புக் கடிதம் வர வேண்டும். மூன்று வருடத்துக்கு இந்தப் பள்ளி எதுவும் கேட்க முடியாது.

வரிக்கு வரி என்றால், தலைமையாசிரியர் சேர்த்த ஒற்றெழுத்துகள் நீங்கலாக. விடுப்புக் கடிதத்தில் ஒரு 'க்' விட்டுப்போனாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிற மனிதர். முதுகுக்குப் பின்னால் ஆசிரியர்கள் தன்னை 'சிவப்பு மை' என்று சொல்வது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

"புகாரைப் படிக்கிறேன், காதைக் குடுத்துக் கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ருசித்துப் படித்தார். "'எதையும் சோதித்துப் பார், சொந்தமாக யோசி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவரே அடுத்தவர் உழைப்பைத் திருடலாமா?' நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்காங்க. ஒரு பிழை இல்ல. அங்கே இப்படி எழுதற ஆள் இருக்காங்க. எனக்கு வாய்ச்சது நீங்க!"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் டீச்சர். "மன்னிப்புக் கடிதம் எழுதிட்டே வந்திருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா அனுப்பிடலாம்."

"ஓ, தயாராவே வந்தாச்சா? எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க வெங்காயத்தோல் செல்லை இன்னும் கரும்பலகையிலதான் பார்க்கணும். மூணு வருஷம்! அதுக்குள்ள இங்கே அவங்க படிப்பே முடிஞ்சு போயிடும்."

டீச்சரின் முகம் அப்போதுதான் வாடியது. வாடட்டும் என்று நினைத்தார் அவர். "வெளியே இருங்க."

இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனாவைத் திறந்தார். பக்கத்துப் பள்ளியின் விண்ணப்பத்தில் இரண்டாம் பக்கம், நாலாவது வரி: 'மாடியில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேருக்கு ஒரு முக்காலி.'

பேனா நின்றுவிட்டது. தலைக்குமேல் யாரோ முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"டீச்சர்!"

வந்து நின்றார்.

"அந்தப் பள்ளியில நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஏது மாடி?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "மாத்தும்போது அந்த வரியைக் கவனிக்காம விட்டுட்டேன் சார்."

"நீங்க எழுதினதா அது?"

"போன வருஷம் நமக்காக எழுதினது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் வரைக்கும் உங்க மேசையிலேயே இருந்தது. பிழை பார்த்த பிறகுதான் கையெழுத்துன்னீங்க. அந்தப் பள்ளி டீச்சர் 'அக்கா, அக்கா'ன்னு வந்து நின்னா. நமக்குத்தான் ஆகல, வீணாப் போக வேணாமேன்னு அவங்க பள்ளிக்கு மாத்திக் குடுத்தேன். இந்த வருஷம், என் எழுத்துதானேன்னு நமக்கும் அதையே போட்டுட்டேன். புத்தி கெட்டுப்போய்."

தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்தார். அவமானமாக இருந்தது. அவமானத்தை யார்மேலாவது கோபமாக இறக்கிவைத்தால் தேவலை என்றிருந்தது.

"இதை அப்படியே அறக்கட்டளைக்கு எழுதிடுவோம்."

"வெளி ஆள் எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு விதி சார். அங்கே இருக்கிற மைக்ரோஸ்கோப்பை வந்து அள்ளிட்டுப் போயிடுவாங்க. அந்தப் பிள்ளைங்க பார்க்க ஆரம்பிச்சாச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு இல்லைங்கறது புதுசா என்ன?"

"அதுக்காக அவளைச் சும்மா விடறதா?" தொலைபேசியை இழுத்தார். "உதவி பண்ணின உங்க முதுகுலயே குத்தியிருக்கா! நன்றி கெட்டவ. நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

டீச்சர் அவசரமாகத் தொலைபேசிமேல் கையை வைத்தார்.

"வேணாம் சார். யாரைப் பார்த்து யார் எழுதினதுன்னு அறக்கட்டளையில முதல்ல அவளைத்தான் கேட்டாங்க. பயந்து போய் என்கிட்ட ஓடி வந்து அழுதா. உண்மையைச் சொல்லிடறேன்க்கான்னா. நான்தான் வேணாம்னேன்."

"அழுதவ எழுதற எழுத்தா இது? திருடின்னு எழுத அவளுக்கு எப்படிக் கை வந்தது?"

"அவ எங்கே சார் எழுதினா?" என்றார் டீச்சர். "அவளுக்கு நாலு வரி கோர்வையா எழுத வராது. அந்தப் புகாரையும் நான்தான் எழுதிக் குடுத்தேன்."