கீழ்வீட்டு சூப்

"மூணு வாரமா கீழ்வீட்டம்மா தலைக்கு மேல கரகரன்னு சுரண்டுறோம். ஒரு வார்த்தை திட்டலையே, ஏன்?" என்றாள் என் மனைவி கொரின்.

குயீன்ஸில் இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கியதும், தரையோடு ஒட்டிக்கிடந்த மெல்லிய கம்பளத்தைக் கிழித்து எறிந்தோம். அடியில் ஓக் மரத்தரை. அதன்மேல் பாகாய் இறுகிய பழைய பசை. சூடுகாட்டிச் சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் கொப்புளம்.

"கீழ்வீட்டு மிசஸ் லிபின்ஸ்கிக்கு நல்ல மனசு."

"நல்ல மனசா? தினமும் சூப் கொண்டுவந்து, 'பசை முழுசா போயிடுச்சா?'ன்னு எட்டிப் பாக்குறாங்க. சுரண்டுற தகடுகூட அவங்க குடுத்ததுதான். எனக்கென்னமோ சரியாப் படல, டெஸ்மண்ட்."

எனக்கும் உள்ளூர உறுத்தியது.

சனிக்கிழமை கடைசிப் பசையும் போனது. மரம் தேன் நிறத்தில் மின்னியது. அரைமணியில் அழைப்பு மணி. மிசஸ் லிபின்ஸ்கி, கையில் சூப்புக்குப் பதில் ஒரு தாள்.

"இது இந்தக் கட்டடத்தோட விதி. வீடு வாங்கும்போது நீங்க கையெழுத்துப் போட்டதுதான். எண்பது சதவீதத் தரையில கம்பளம் இருக்கணும். புதுசா கம்பளம் போடுறவங்க அதுக்கு அடியில சத்தத்தை அடக்குற தடிச்ச மெத்தையும் விரிக்கணும்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" கொரின் கத்தினாள்.

"சொன்னா பழச எடுத்திருப்பியா? அந்த மெத்தையில்லாத ஒட்டுக் கம்பளம் இருந்தவரைக்கும் விதிப்படி என்னால ஒண்ணும் கேக்க முடியல. இருபது வருஷமா ஒவ்வொரு காலடியும் என் மண்டையில விழுந்துச்சும்மா."

தரையை ஒருமுறை ரசித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு. மூடறதுக்கு முன்ன ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க."