அட்டையில் இன்னொரு ஈரம்

காருக்கு அடியில் ஆயில் சொட்டுவதைப் பார்த்ததும் மரகதவல்லி மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தாள். மறுநாள் காலையில் என்ஜினுக்கு நேர் கீழே, அட்டையில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை இருந்தது. ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் நைந்துபோயிருந்தது. புது வாஷர் போட்டு இறுக்கி, புது ஆயில் ஊற்றி, என்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"நீ ஒர்க்‌ஷாப்பே வைக்கலாம்," என்றான் கணவன் இன்பராஜ். மகளைப் பாட்டுப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு அதே காரில் மலையிறங்கப் புறப்பட்டான். கீழே போய்ச் சேர இருபது கொண்டை ஊசி வளைவுகள்.

அட்டையை மடிக்கக் குனிந்தபோதுதான், பின்சக்கரம் நின்ற ஓரத்தில் இன்னொரு ஈரத்தைப் பார்த்தாள். அதற்கு நிறமே இல்லை. தொட்டால் வழுக்கியது. பிரேக் ஆயில்.

இன்பராஜ் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தாள். பிறகு முதல் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் சவரிமுத்துவை அழைத்தாள்.

"அண்ணே, எங்க வண்டி வந்தா மறிச்சு நிறுத்திருங்க."

"இப்பத்தாம்மா போச்சு. பாப்பா டாட்டா காட்டுச்சு. வாழைப்பழம் குடுத்து விடலாம்னு நானும் கைய நீட்டி நிறுத்தச் சொன்னேன். பின்னாடி செவப்பு லைட்டெல்லாம் எரிஞ்சுது, ஆனா வண்டி நிக்கவேயில்ல," என்று சிரித்தார் அவர். "அப்படி என்னம்மா அவசரம் தம்பிக்கு?"