வேலிக்கு வெளியே ஒரு செடி

அழிந்துவரும் ஆர்க்கிட் செடிகளைச் சுற்றி வனத்துறை கம்பிவேலி போட்டது. ஒரு செடி மட்டும் தள்ளி, சிறிய மண்மேட்டின் மேல் பூத்திருந்தது. அதைப் பெயர்த்து வேலிக்குள் நட, வனக்காவலர் சென்னியப்பன் மண்வெட்டியோடு போனார். பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த ரங்கி ஓடிவந்து குறுக்கே உட்கார்ந்தாள்.

"கீழ எம்புள்ள இருக்குது சார். மூணு மாசந்தான் இருந்துச்சு. நாந்தான் இந்தச் செடிய இங்க கொண்டாந்து நட்டேன்."

காட்டிலிருந்து அந்தச் செடியைப் பெயர்த்தெடுத்தது குற்றம். சென்னியப்பன் அதைச் சொல்லவில்லை.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணுங்க."

மாலைக்குள் வேலி அந்த மேட்டையும் வளைத்துக்கொண்டது. யாரும் நுழையக் கூடாது என்று பலகையும் வந்தது. வேலி போட்ட ஆட்கள் வண்டியேறிப் போனதும், வெளியே அழுதுகொண்டிருந்த ரங்கியிடம் சென்னியப்பன் வேலிக் கதவின் சாவி ஒன்றை நீட்டினார்.

"வாடாம பாத்துக்க அம்மணி."

பூட்டைத் திறக்கத் தெரியாமல் அவள் தடுமாறினாள். அவர் திறந்துவிட்டு, மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.