மேலே ஜோரு

"அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது," என்றாள் தர்ஷினி.

திங்கட்கிழமை காலை. பொம்மனஹள்ளி ஆபீஸ் கேன்டீனில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நேற்று அவள் போட்ட வீடியோவை அதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 'மலையேறப் போன இரண்டு பெண்களைச் சாவுக்கு அனுப்பிவைத்த வனக்காவலர் கோவிந்தப்பா' என்பது தலைப்பு. பெயர், முகம் இரண்டும் அதில் இருந்தன.

"பெர்மிட்டைப் பார்த்தாரு. கையை ஆட்டி அனுப்பி வச்சாரு. அப்ப வெயில் பளிச்சுனு இருந்துச்சு. உச்சிகிட்ட போனோம், அஞ்சே நிமிஷம், மேகம் மூடிருச்சு. காத்துன்னா காத்து, நிக்க முடியல. மழை ஊசி ஊசியாக் குத்துது. மகாவைத் தூக்கி அடிச்சிருச்சு."

மகா அவளுடன் ஒரே அறையில் தங்கியிருப்பவள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். சனிக்கிழமை பகலில் மூன்று மணி நேரம் இருவரும் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"கோர்ட்டுக்கு இழுக்கணும்," என்றான் பக்கத்து சீட் யுவன். "மேல போகாதேன்னு சொல்றதுக்குத்தானே அந்தாளுக்குச் சம்பளம்?"

"இழுக்கவே வேணாம். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. காலைல நியூஸ்ல வந்துருச்சு."

யாரோ கை தட்டினார்கள்.

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கேன்டீன் முத்தம்மா நின்றாள். இதே ஊரில், அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள்.

"அவரு வாயைத் தொறந்து ஒண்ணுமே சொல்லலியா கண்ணு?"

"சொன்னாரேக்கா, அதான் கொடுமை. 'மேலே ஜோரு காலி, ஜோரு காலி'ன்னு ரெண்டு தடவை. மேல ஜோரா இருக்கு, கூட்டமே இல்ல, காலியாக் கெடக்குன்னு. நாங்களும் தேங்க்ஸ் சொல்லிட்டு ஓடினோம்."

முத்தம்மா தட்டை மேசையில் வைத்தாள்.

"காலி இல்லம்மா, காளி. நம்ம சாமி இல்ல, கன்னடத்துல காத்து. ஜோருன்னா பலமா. மேல பலத்த காத்து, போகாதீங்கன்னு கையை ஆட்டியிருக்காரு அந்த மனுஷன்."

"எனக்கு ஒரு மீட்டிங்," என்று யுவன் நழுவினான். மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக வேலை ஞாபகம் வந்தது.

தர்ஷினி கரூரிலிருந்து வந்து எட்டு மாதம். தெரியாது என்று சொல்ல 'கொத்தில்லா' என்பதைத் தவிர அவளுக்குக் கன்னடம் வராது.

"வீடியோவை எடுத்துடறேங்க்கா."

"எடுத்தா அவரு வேலை திரும்பி வந்துருமா? போன் போட்டு உள்ளதைச் சொல்லு."

பெர்மிட் தாளில் வன அலுவலக எண் இருந்தது. தர்ஷினி அழுத்திவிட்டுப் போனை முத்தம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்களே பேசுங்கக்கா. எனக்கு நாக்கு வரல."

முத்தம்மா கன்னடத்தில் விவரம் சொன்னாள். பிறகு கேட்டாள். வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவரு கூட வேலை செய்றவர் பேசறாரு. கோவிந்தப்பா எச்சரிக்கை பண்ணாருன்னு நீ எழுத்துல குடுக்கணுமாம். ஆனா, சொல்லியும் மீறிப் போனதா ஆயிட்டா உங்க ரெண்டு பேர் மேலயும் கேஸாம். என்ன சொல்லட்டும்?"

தர்ஷினி எட்டிப் போனைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தாள்.

"வேணாங்க்கா. கேஸ்னா என் வேலை போயிரும்."

முத்தம்மா டம்ளர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதையேதாம்மா கோவிந்தப்பாவும் சொன்னாராம். 'கேஸ்னா அந்தப் புள்ளைங்க வேலை போயிரும்'னு, நான் எச்சரிக்கவே இல்லைன்னு அவரே எழுதிக் குடுத்துட்டாராம்."