பதினோரு வரிசை

யமுனாவின் ஷீட்டில் பதினோரு வரிசைகளைக் காணோம்.

நேற்று வரை நூற்று நாற்பது ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. மாம்பழத்தைத் துளைக்கும் பழ ஈயைப் பற்றி யார் எழுதியது, எந்த வருஷம், எந்த ஊர்த் தோப்பு, என்ன மருந்து, என்ன முடிவு, எல்லாம் கட்டம் கட்டமாக. இன்று காலை எண்ணினால் நூற்று இருபத்தொன்பதுதான்.

அழித்தது யார் என்று ஷீட்டே காட்டிக்கொடுத்தது. சைமன்.

இருவரும் திருப்பதியில் ஒரே மேடத்திடம் பிஎச்.டி. செய்கிறவர்கள். ஆளுக்கு எழுபது கட்டுரை என்று பிரித்துக்கொண்டு ஒரே ஷீட்டில் ஏற்றினார்கள். காணாமல் போன பதினொன்றும் யமுனா ஏற்றியவை.

கேன்டீனில் நாலு பேர் நடுவே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பிடித்தாள்.

"என் வரிசையை எதுக்கு எடுத்தே?"

"துன்னுட்டு வந்து சொல்றேன் யமுனா. இங்க வேணாம்."

"ஏன், இங்க சொன்னா என்ன? ஒண்ணொண்ணா படிச்சு ஏத்திக்கினு வரேன். நீ பாட்டுக்கு அழிச்சுக்கினு போறே."

"தெரியும். அப்புறம் சொல்றேன்."

அந்த 'தெரியும்'தான் அவளை நேராக மேடம் ரூமுக்கு விரட்டியது. படி ஏறும்போதே புகார் தயாராகிவிட்டது. என் எண்ணிக்கையைக் குறைத்தால்தானே நாங்கள் சேர்ந்து எழுதப்போகும் கட்டுரையில் அவன் பேர் முதலில் வரும்!

"மேடம், இந்த சைமன்..."

"வாம்மா. சைமன் இருக்கட்டும், முதல்ல இதைப் பாரு." பிரேமலதா மேடம் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

அந்தப் பதினொன்றில் ஒன்று. முதல் பக்கத்தின் குறுக்கே சிவப்பு எழுத்தில், வாபஸ் பெறப்பட்டது. மேடம் அடுத்ததைத் திறந்தார். அதிலும் சிவப்பு.

"பதினொண்ணும் ஒரே கூட்டம் எழுதினது. தோப்புப் பக்கமே போகாம பொய்யா நம்பர் போட்டிருக்காங்க. பத்திரிகைக்காரங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. திறந்து பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நீ இந்தத் தப்பெல்லாம் பண்ணமாட்டே, இருந்தாலும் பார்த்து வச்சுக்கோ."

கூகுளில் வந்த நாலு வரிச் சுருக்கத்தைப் பார்த்து ஏற்றியதோடு சரி, யமுனா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"படிக்காம ஏத்தினவனை நல்லா திட்டித்தான் அனுப்பினேன்," என்றார் மேடம். "காலையில கதவைத் திறக்கும்போதே வந்து நின்னான். 'அவசரத்துல நான் ஏத்தினது மேடம், நானே எடுத்துட்டேன். யமுனாவுக்கு இது தெரியாது'ன்னான். அது சரி, நீ சைமனைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே?"